வசந்தாவுக்கு, புதுப்பாளையத்திலிருந்து

கடலூர்

அன்புள்ள வசந்தா,

அன்றைக்குப் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "வீடு நெறைய ஆளு இருக்கு, எனக்குன்னு உக்கார ஒரு எடம் இல்லடி" என்றாயே, அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று பேனாவை எடுத்தேன்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலி பரவாயில்லை, காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். பேரன் ஒன்றாம் வகுப்பு போகிறான்.

எங்கள் வீட்டுச் சாமான் அறை உனக்கு நினைவிருக்கும், கிணற்றடியை ஒட்டி இருக்குமே. மாமியார் காலத்துப் பித்தளை அண்டா, டிரங்குப் பெட்டி, கொலுப்படி என்று கால் வைக்க இடமிருக்காது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததல்லவா, அப்போது எல்லாவற்றையும் அள்ளி மாடியில் ஏற்றினோம். தண்ணீர் வடிந்ததும் அறையைக் கழுவிவிட்டு, காயட்டும் என்று திறந்து போட்டிருந்தேன். சும்மா உள்ளே போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனமே இல்லை. இனி ஒரு சாமானும் இங்கே திரும்பி வரக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

சுவர் இடுப்பளவுக்கு ஓதம் அடித்துப் பொரிந்து கிடந்தது. கொத்தனார் பெயின்ட் அடிக்கலாம் என்றார். ஓதச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி ஒரே மழைக்காலத்தில் உரிந்து வந்துவிடும். அதனால் சுண்ணாம்புதான் அடித்தோம். கிழக்கு ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் செதில் செதிலாகத் துரு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தோம். உள்ளே ஒரு கோரைப்பாய், ஒரு மணை, ஓர் அகல்விளக்கு, அவ்வளவுதான். சாமி படம்கூட வைக்கவில்லை. பூஜை அறைக்குப் போனால் எனக்கு வேலைதான் நினைவுக்கு வரும்: பூ வாடிவிட்டதா, எண்ணெய் இருக்கிறதா, வெள்ளிக்கிழமைக்கு விளக்கு துலக்க வேண்டுமே என்று. இந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் வசந்தா, அறை கிடைத்ததும் அமைதி கிடைத்துவிடவில்லை. பாயில் உட்கார்ந்தால் போதும், சாவி எங்கே, மோட்டாரை நிறுத்தியாச்சா, காஸ்காரர் வந்திருக்கிறார் என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவார்கள். அப்போதுதான் நிறைய யோசித்தேன்.

பாண்டிச்சேரி ஆசிரமத்துக்கு நாம் காலேஜிலிருந்து போனது நினைவிருக்கிறதா? சமாதியில் பரப்பியிருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அரவிந்தர் 1926 நவம்பரில் தனிமைக்குப் போனவர், 1950இல் மறையும் வரை தன் அறைகளிலேயே இருந்தார். அவரால் அப்படி இருக்க முடிந்ததென்றால், ஆசிரமத்துப் பொறுப்பு முழுவதையும் அன்னை வெளியே நின்று பார்த்துக்கொண்டதால்தான்.

நம் மாவட்டத்து வள்ளலாரையே எடுத்துக்கொள். மருதூரில் பிறந்த பிள்ளை, சென்னையில் அண்ணன் வீட்டில் வளர்ந்தார். படிப்பில் நாட்டமில்லை என்று அண்ணனுக்குக் கோபம். சின்ன வயதிலேயே மாடி அறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி, அதன் எதிரே உட்கார்ந்து தியானித்தார். கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி கொடுத்தான் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். எல்லோரும் அந்தக் கண்ணாடியையும் விளக்கையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த அண்ணிதான் கண்ணில் நிற்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குச் சோறு போட்டு, வீட்டோடு தங்கவைத்தவர் அவர்தானே.

உள்ளே ஒருவர் கண்ணை மூடி உட்கார வேண்டுமென்றால் வெளியே ஒருவர் அடுப்பையும் வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் வெளியே நிற்பது எப்போதும் நாம்தான். நமக்காக யார் நிற்பது என்று ஒருவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. நீ இடமில்லை என்று சொன்னாயே, உனக்கு இல்லாதது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஒரு நாள் இவரையும் மகனையும் மருமகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அரைமணி நேரம் நான் அந்த அறையில் இருப்பேன், அந்த நேரத்தில் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பால் காய்ச்சுறது, கேட்டுக்குப் போறது என் பொறுப்பு" என்றார். இப்போது யாராவது வந்தால் பேரனே வாசலுக்கு ஓடி, "ஆயா உள்ள இருக்கு, அப்புறம் வாங்க" என்கிறான். ஜபம், மந்திரம் எதுவும் நான் செய்வதில்லை. சில நாள் அம்மாவை நினைத்து அழுவேன். சில நாள் வேப்பமரத்தில் காக்கை அடைவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே வரும்போது யார் மேலும் எரிச்சல் இருக்காது.

உன் ஃபிளாட்டில் தனி அறைக்கு வழியில்லைதான். பின்பக்கப் பால்கனி வேண்டாம், வாஷிங் மெஷின் சத்தம். படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பாய் விரிக்கிற அளவு இடம் இருக்கிறதே, அது தாராளம். இடத்தை ஒழிப்பதற்கு முன்னால் உன் பையனிடம் வாய்விட்டுக் கேள். ஜாடையாகச் சொன்னால் ஆண்பிள்ளைகளுக்குப் புரியாது. அதோடு உன் மருமகளுக்கும் அதே போல ஒரு நேரம் ஒதுக்கு. ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே சமையலறைக்குள் நுழைகிற பிள்ளை அது. அவளுடைய நேரத்தில் குழந்தையையும் அடுப்பையும் நீ பார்த்துக்கொள்.

தைப்பூசத்துக்கு இங்கே வா, வடலூர் போய் ஜோதி தரிசனம் பார்த்துவிட்டு வரலாம். தம்பி அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறான். ஜன்னலோரத்து இடத்தை அளந்து சொன்னால் அதற்குத் தகுந்த கோரைப்பாய் ஒன்று வாங்கி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
தமிழரசி