மூணு நிமிஷம் கேட்கச் சொல்

களியக்காவிளை
ஞாயிறு

அன்புள்ள செல்வா,

ஓணத்துக்கே எழுதுகிறேன் என்றேன், எழுதவில்லை, கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான்.

விஷயம் என் சின்ன மகளைப் பற்றி. போன வாரம் விமானம் ஓட்டும் பயிற்சியில், தரைக்கு இருநூறு அடி உயரத்தில் வரும்போது இடது இறக்கை சட்டென்று சரிந்துவிட்டதாம். இலை அசையாத காலை. முன்னால் ஒரு பெரிய பயணிகள் விமானம், ஏர்பஸ் 320, இறங்கி இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. கூட இருந்த பயிற்சியாளர் சமாளித்து மறுபடி மேலே ஏற்றிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், எனக்கு இரண்டு ராத்திரி உறக்கமில்லை.

தேங்காப்பட்டணம் பொழியில் விசைப்படகு போய் வெகுநேரம் கழித்து நம் வள்ளம் ஆடியதே, நீ பைபிள் வசனம் சொன்னாயே, அதே சங்கதிதான். முன்னால் போன விமானத்தின் எஞ்சின் காற்றுதான் இவளைச் சரித்தது என்று நான் நினைத்திருந்தேன். அதில்லை. இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடிய காற்று நுனி வழியாக மேலே சுருண்டு, இரண்டு பக்கமும் சுழலாக நீள்கிறது. எடை கூடக்கூட, வேகம் குறையக்குறைய அதற்கு வலு அதிகம், அதனால் இறங்கும் நேரத்தில் மோசம். நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே அமிழும், பின்னால் தாழ்வாக வருகிறவன் நேராக அதற்குள் போவான். தரைக்குப் பக்கத்தில் இரண்டும் விலகிப் போகும், ஆனால் லேசான பக்கக்காற்று ஒன்றை ஓடுபாதை மேலேயே நிறுத்தி வைத்துவிடும். இவள் ஓட்டும் சின்ன விமானம், செஸ்னா 172, ஆள் ஏறி எண்ணெய் நிரப்பினாலும் 1,111 கிலோதான், என்ன செய்யும்?

சின்ன விமானத்துக்கு மட்டுமில்லை. 1972இல் டெக்சாஸில் டிசி-9 என்ற ஜெட் விமானம், அதைவிடப் பெரிய டிசி-10 விமானத்துக்குப் பின்னால் இறங்கப்போய்க் கவிழ்ந்து உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

முன்னால் போனவனின் பாதைக்கு மேலேயே வந்து, அவன் சக்கரம் தொட்ட இடத்தைத் தாண்டித் தொட வேண்டும், இது அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட சின்ன விமானத்துக்கு 3 நிமிட இடைவெளி என்பதும் தெரியும். ஆனால் முன்னால் போவதைக் கண்ணால் பார்த்துத் தொடர்கிறேன் என்று விமானி ஒப்புக்கொண்டுவிட்டால் இடைவெளி அவர் பொறுப்பாம். பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று ரேடியோவில் கேட்க இவளுக்குக் கூச்சம். பத்தொன்பது வயசு, எல்லாரும் பெரியவர்கள், அதுதான் எனக்குப் பயம்.

நான் சொன்னால் அப்பா பயந்தாங்கொள்ளி என்பாள். நீ இருபது வருஷம் விமானப்படையில் இருந்தவன், உன் பேச்சைக் கேட்பாள். புதன்கிழமை அவளுக்குப் பறக்கும் முறை இல்லை. அன்றைக்கு ஒரு போன் போடு, செல்வா.

உன்
தங்கராஜ்