நொண்டாத காலிலும் காயம் இருக்கலாம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உன் மகளின் தடை தாண்டும் குதிரைக்கு இடது முன்னங்காலின் பின்புறம் பயிற்சிக்குப் பிறகு வெதுவெதுப்பாக இருக்கிறது என்றும், அது நொண்டவில்லை என்பதால் அடுத்த மாதப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை குதிரையைக் கையில் பிடித்து நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குதிரைக்கு முன் முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று கிடையாது. எலும்பும், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுமே உண்டு. பின்புறத்தில் தோலை ஒட்டி ஓடும் மேல் தசைநாண், முழு வேக ஓட்டத்தில் கணு மூட்டு தரையை நோக்கித் தாழும்போது தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். அது அறுபடும் எல்லை அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சூடு பிறக்கிறது. ஓடும் குதிரையின் தசைநாணின் நடுப்பகுதியில் 45 டிகிரி செல்சியஸ் வரை பதிவாகியுள்ளது. இரத்த ஓட்டம் குறைந்த இடமாதலால் அந்தச் சூடு எளிதில் தணிவதில்லை. இழைகள் சிறிது சிறிதாக நைந்து, ஒரு நாள் கிழிகின்றன. ஆறிய வடுவுக்குப் பழைய நெகிழ்வு திரும்புவதில்லை என்பதால்தான் மறுபடியும் அடிபடுகிறது.

2012இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் ஆகிய பந்தயங்களை வென்ற ‘ஐ’ல் ஹேவ் அனதர்’ என்ற குதிரை உனக்கு நினைவிருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகளாக எந்தக் குதிரைக்கும் கிட்டாத மும்முடிக்கு, அதாவது ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் வெல்லும் சிறப்புக்கு, பெல்மான்ட் பந்தயம் ஒன்றே மீதமிருந்தது. இடது முன்னங்காலில் இலேசான வீக்கம் தென்பட்டுத் தணிந்தது. மறுநாள் காலை ஓடியபின் மீண்டும் வந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாளே அதை விலக்கிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய பரிசு கண்முன் இருந்தபோது எடுத்த அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

எனக்கு அந்தத் துணிவு ஒருமுறை இல்லாமற்போனது. குதிரை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், இதே போன்ற வெதுவெதுப்பு இருந்த ஒரு பெண்குதிரையை, நொண்டவில்லையே என்று பயிற்சிக்கு அனுமதித்தேன். பத்தாம் நாள் அதன் கால் பின்புறம் வில்லாகப் புடைத்திருந்தது. அது பிறகு ஓடவே இல்லை.

ஆகவே நாள்தோறும் காலையில், பயிற்சிக்கு முன்பு, இரு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழாக விரலால் தடவி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். கையால் காலை அறிந்த குதிரைப் பராமரிப்பாளர்தான் முதல் மருத்துவர். களைத்த குதிரையை மேலும் தாண்டவிடக் கூடாது. தசை சோர்ந்தால் சுமை முழுவதும் தசைநாணில் இறங்கும். ஆழமாகப் புதையும் மணலும் ஆகாது. லாடம் மாற்றத் தாமதித்தால் குளம்பின் முன்முனை நீண்டு குதிகால் தாழ்ந்துவிடும், அதையும் பார். பயிற்சி முடிந்தவுடன் காலுறைகளைக் கழற்றிவிட்டு, இருபது நிமிடம் குளிர்ந்த நீரைக் காலில் ஓடவிடுங்கள்.

யாராவது காலுக்குச் சூடு போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அது குதிரைக்கு வேதனை தருமே தவிர, தசைநாணைச் சீராக்காது. கிழிசல் இருப்பது உறுதியானால், ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கும் மேல் பொறுமையாக இருக்க வேண்டியிருக்கும் என்று உன் மகளிடம் இப்போதே சொல்லிவை.

ஸ்கேன் எடுக்கும்போது வலது காலையும் சேர்த்து எடுக்கச் சொல்; இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்