எதிர்சேவை ராத்திரி வந்த டியூப்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

போனில் ஆரம்பித்தால் நாம் முடிக்க மாட்டோம், அதனால்தான் எழுதுகிறேன். உன் மூட்டுவலி தேவலையா?

மதுரையே அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று எனக்கு லேபில் நைட் டியூட்டி. தல்லாகுளம் பக்கம் வண்டி நகரவில்லை. மேலூரிலிருந்து ஐந்து வயதுப் பையனைக் கொண்டுவந்தவர்கள் ஊரைச் சுற்றித்தான் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல், வாந்தி, கழுத்தைக் குனிய முடியவில்லை. மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் தண்டுவட நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு கிராஸ்மேட்ச்சில், அதாவது ரத்தம் பொருந்துமா என்று பார்ப்பதில், இருந்தேன். வந்து பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை டியூபை பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள்! குளிரில் மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் மாதிரிக் கிருமிகள் செத்துப்போகும், கல்சரில் வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது என்று நம் வாத்தியார் எத்தனை தரம் திட்டியிருப்பார்? நான் திட்டவில்லை, சொன்னதற்கே அழுதுவிட்டாள்.

நீர் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கல். அவசரத்துக்கு யூரின் ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டேன். ரெண்டு நிமிஷத்தில் வெள்ளணுக் கட்டம் ஊதா, சர்க்கரைக் கட்டம் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது; வெள்ளணு நிறைய, சர்க்கரை குறைவு, பாக்டீரியா வேலைதான் என்று தோன்றியது. டாக்டருக்குச் சொன்னேன், அவர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் ஏற்றியிருந்தார். அப்புறம் நீரைச் சுழற்றி அடிவண்டலை ஸ்லைடில் தடவி கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நாலாவது ஃபீல்டிலேயே, சீழணுக்களுக்கு நடுவே ஊதாவாக, ஜோடி ஜோடியாக, முனை கூர்ந்த நிமோகாக்கஸ் கிருமி. 1884-இல் வந்த சாயம் அது! என் விரல் நகத்தில் இன்னும் ஊதா போகவில்லை.

காலையில், கிருமிகளின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பேனல் மெஷினில் அந்த நீரில் 0.2 மில்லி விட்டோம். ஒரு மணி நேரத்தில் 14 கிருமிகளைத் தேடிப் பார்த்து அதே பெயரைச் சொன்னது. மூன்று நாள் கழித்தும் கல்சரில் வளர்ச்சி இல்லை. மேலூரிலேயே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்களாம், பழி அதற்கா ஃப்ரிட்ஜுக்கா, தெரியாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் மெஷின் பிடித்துவிடும், அந்த வகையில் அது நம்மைக் காப்பாற்றியது. இனி சாயமும் கல்சரும் எதற்கு என்று எங்கள் மேனேஜர் கேட்கிறார். பென்சிலினுக்கு மடியுமா மடியாதா என்று பேனல் சொல்லாதே! அதைச் சொல்ல வளர்ந்த கிருமி வேண்டும். விலையும் எல்லோருக்கும் கட்டாது. நான் விடப்போவதில்லை.

பையன் ஏழாம் நாள் இட்லி கேட்டான். இந்த மூளைக்காய்ச்சல் சில சமயம் காது கேட்பதையே வாங்கிவிடும் என்பதால் காது டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஸ்லைடை எடுத்து வைத்திருக்கிறேன். ஆவணியில் வரும்போது காட்டுகிறேன், கண்ணாடியை மறந்துவிட்டு வராதே.

உன்,
சாந்தி