உளுந்தூர்பேட்டை தாண்டி உதவிய அண்ணனுக்கு நன்றி

வழியில் நின்றுபோன என் பழைய 350 புல்லட்டைப் பார்த்து, தன் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

20 நிமிடம் நன்றாக ஓடும், திணறி நிற்கும், ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதைக் கேட்டால் பலரும் ஸ்பார்க் தரும் பாகங்களான காயில், கண்டென்சர் என்றுதான் தேடுவார்கள். நீங்கள் டேங்க் மூடியை மெல்லத் திருகி, காதைக் கிட்டே வைத்தீர்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் நின்றுவிடும். டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஊக்கு முனையால் துளையில் இருந்த சேற்றைக் குத்தி எடுத்து, வாயால் ஊதிப் பார்த்தீர்கள்.

இன்ஜின் ஆறியபின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பக்கம் ஹோஸைக் கழற்றி, இறங்கும் பெட்ரோலைப் பாட்டிலில் ஒரு நிமிடம் பிடித்தது அருமையான சோதனை. மூடி போட்டு ஒருமுறை, திறந்து ஒருமுறை. லிட்டருக்கு 30 கி.மீ. தரும் வண்டி 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 33 மில்லிதான் குடிக்கும். பாட்டிலில் அதைப்போல் பல மடங்கு விழ வேண்டும். மூடி திறந்தும் சொட்டினால், டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வலையில் துரு என்றீர்கள்.

ஹோஸ் நடுவே இருந்த காகித ஃபில்டரையும் மாற்றியாயிற்று, அண்ணா. பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோலுக்கு அது பெரிய தடைதான்.