1 நிமிடம் 36 விநாடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தொடர்ந்து இரவுப் பணி, இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

பள்ளியில் நிலநடுக்க ஒத்திகை உன் பொறுப்பில் வந்திருக்கிறது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மேசைக்கடியில் நுழைகிறார்கள், ‘இதெல்லாம் வீண்வேலையோ’ என்று உனக்கே தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

2008 மே 12, பிற்பகல் 2.28. சீனாவின் சிச்சுவான் மாகாணம் குலுங்கியது. இறந்தவர்கள் 69,000 பேருக்கு மேல். வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம், எத்தனையோ பள்ளிகள் பிள்ளைகளோடு சரிந்தன. அதே மாகாணத்தில் சாங்சாவ் என்ற ஊரின் பள்ளியில் யே ஜிபிங் என்று ஒரு தலைமையாசிரியர். கட்டடம் உறுதியாக இல்லை என்று ஆண்டுக்கணக்கில் மேலிடத்தில் கேட்டுக் கேட்டுப் பணம் வாங்கி, தூண்களைப் பருமனாக்கினார். 2005 முதல் பருவந்தோறும் ஒத்திகை. எந்த வகுப்பு எந்தப் படியில் இறங்க வேண்டும் என்பதுவரை வகுத்து வைத்திருந்தார். நிலம் குலுங்கிய அன்று அவர் பள்ளியில்கூட இல்லை. ஆனாலும் 2,000 பேருக்கு மேல் 1 நிமிடம் 36 விநாடியில் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பள்ளியில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவர்களும் முதல் ஒத்திகையில் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பார்க்கும் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். இடிபாட்டுக்கடியில் கால் நசுங்கிப் பல மணி நேரம் கிடப்பவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மேலே கிடக்கும் கல்லைத் தூக்கியதும் சில சமயம் சுருண்டுவிடுவார். செத்த தசையில் தேங்கியிருந்த பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அதில் தப்பினாலும் சிறுநீரகம் பழுதாகலாம். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். அதனால்தான் கல்லை நகர்த்துவதற்கு முன்பே நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. காப்பாற்றும் கை அவசரப்பட்டாலே உயிர் போகும் என்றால் எப்படி இருக்கும், சொல்!

மோப்ப நாய்களோடு வெளிநாட்டுக் குழுக்கள் வந்திறங்குவதைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அவர்கள் வந்து சேர ஒரு நாளாவது ஆகும். உயிரோடு வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோரை அதற்குள் அக்கம்பக்கத்தார் வெறுங்கையாலேயே தோண்டி எடுத்திருப்பார்கள். மெக்சிகோவில் மீட்பவர்கள் விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினால் அந்தத் தெருவே மூச்சை அடக்கி நிற்கும். உள்ளேயிருந்து ஒரு முனகல், ஒரு தட்டல் கேட்காதா என்பதற்காக. இதை உன் பிள்ளைகளிடம் அவசியம் சொல். மாட்டிக்கொண்டால் கத்திக் கத்திக் களைத்துப் போகக் கூடாது, தூசியும் தொண்டையை அடைக்கும். கைக்கெட்டும் குழாயையோ சுவரையோ நிறுத்தி நிறுத்தித் தட்ட வேண்டும்.

இன்னொன்று. குலுக்கம் நிற்கும்வரை யாரும் ஓடக் கூடாது. மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகுதான் படிக்கட்டு. வகுப்பில் இருக்கும் உயரமான அலமாரிகளைச் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்கச் சொல். அதற்கு மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காதே, நீயே ஆளைக் கூப்பிட்டுச் செய்துவிடு.

அடுத்த ஒத்திகையில் கையில் கடிகாரத்தோடு நில். எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் படியில் நெரிசல் என்று எனக்கு எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி