கத்துக்க நேரம் வேலை நேரத்துலயே வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். புதுசு புதுசா கத்துக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அதுக்கு நேரம் எங்கேருந்து வரும்னு யாரும் சொல்றதில்ல, பிள்ளைங்கள தூங்க வச்சுட்டு ராத்திரி உக்காந்து படிக்கணுமா?

எங்க வேலைல மாசா மாசம் பேங்க் ஸ்டேட்மென்டையும் லெட்ஜரையும் வரி வரியா ஒப்பிட்டு டிக் போடணும், முழுசா 2 நாள் போயிடும். ஒரு கட்டத்துல பொறுக்க முடியாம, மதியத்துல கிடைக்கற அரை மணி நேரத்துல நானே எக்செல் மேக்ரோ, அதாவது அந்த ஒப்பிடற வேலைய கம்ப்யூட்டரே செய்யறதுக்கான சின்ன ப்ரோக்ராம், எழுத ஆரம்பிச்சேன். ஒரே தொகை ரெண்டு எடத்துல வந்தா தப்பா ஜோடி சேத்துடும், தேதி எழுதற முறை மாறினா அப்படியே நின்னுடும், ஒவ்வொண்ணா சரி பண்ண 3 மாசம் ஆச்சு. எந்த ட்ரெய்னிங்லயும் நான் அவ்ளோ கத்துக்கிட்டதில்ல, ஏன்னா தப்பு எங்கெல்லாம் வரும்னு தினமும் அதுலயே கெடக்கற எனக்குத்தான் தெரியும். இப்ப அரை நாள்ல முடியுது, ஜோடி சேராத வரிகள மட்டும் கண்ணால பாக்கறேன்.

விஷயம் தெரிஞ்சதும் மேனேஜர் "குடுத்த வேலைய மட்டும் பாரு"ன்னுட்டார், மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. கம்பெனி கணக்க தொடற விஷயம், முன்னாடியே நான் சொல்லிருக்கணும்தான், ஆனா சொல்லிருந்தா செய்ய விட்டிருப்பாரா?

த்ரீஎம்ங்கற அமெரிக்கக் கம்பெனில வேலை நேரத்துல 15 சதவீதத்த சொந்த யோசனைக்கு எடுத்துக்கலாம்ங்கற வழக்கம் 1948லேருந்தே இருக்கு. அங்க ஸ்பென்சர் சில்வர் 1968ல கண்டுபிடிச்ச, ஒட்டி உரிக்கக்கூடிய பசைக்கு என்ன உபயோகம்னே ரொம்ப நாள் யாருக்கும் புரியல, 1974ல அங்கயே வேலை பாத்த ஆர்ட் ஃப்ரைங்கறவரு சர்ச் பாட்டுப் புஸ்தகத்துல அடையாளத்துக்கு வைக்கற சீட்டு விழுந்துகிட்டே இருக்கேன்னுதான் அந்தப் பசைய யோசிச்சார். போஸ்ட்-இட் நோட்ஸா, அதாவது ஒட்டி உரிக்கற குறிப்புச் சீட்டா, அது அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980ல. பசை கண்டுபிடிச்சு 12 வருஷம்! நடுவுல யாராவது "இதனால என்ன லாபம்"னு கேட்டு மூடிருந்தா அவ்ளோதான்.

மேனேஜர்கள்கிட்ட நான் கேக்கறது வாரத்துக்கு 2 மணி நேரம், அதுவும் ஆபீஸ் நேரத்துக்குள்ளயே. எத பண்றதுன்னு வேலை பாக்கறவங்களே முடிவு பண்ணட்டும், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு செய்யட்டும். வாராவாரம் ரிப்போர்ட் கேக்காதீங்க. வருஷக் கடைசி அப்ரைசல்ல, சரியா வராம போன முயற்சியையும் சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
அக்கவுண்ட்ஸ் ஊழியர் ஒருவர்