ஏஜென்ட் செய்த வேலைக்கு ஊழியர் பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானாகவே வேலைகளைச் செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களான தானியங்கி ஏஜென்டுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, வேலை பறிபோகுமா என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. அவை தவறு செய்தால் பழி யார் தலையில் விழும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் பணப் பரிமாற்ற மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இணையக் கடையின் மென்பொருள் இன்று பெரும்பாலும் ஒரே நிரலாக இருப்பதில்லை. ஆர்டர், சரக்கிருப்பு, பணம், குறுஞ்செய்தி என ஒவ்வொன்றும் தனித்தனிச் சேவை. 2014-ல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மைக்ரோசர்வீஸ் என்ற பெயர் பரவலாயிற்று. இந்தச் சேவைகளை ஏஜென்டோடு இணைப்பது இப்போது சுலபம். ஆனால் இவற்றில் பல, தம்மிடம் வேலை கேட்பது நமக்குத் தெரிந்த நிரல்தான் என்று நம்பி எழுதப்பட்டவை.

சென்ற ஆண்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தப் பணியில் இருந்த ஓர் இளைஞர், மேலிடம் அவசரப்படுத்தியதால், தம்முடைய சாவியை, அதாவது கடவுச்சொல் போன்ற அனுமதிக் குறியீட்டைக் கொடுத்தே ஏஜென்டை ரீஃபண்ட் சேவையோடு இணைத்தார். ஒரு மாலை அந்தச் சேவை பதில் சொல்லத் தாமதித்தது. பழைய நிரல்கள் இப்படிப்பட்ட நேரத்தில் அதே கோரிக்கை எண்ணோடுதான் மறுபடி கேட்கும். சேவையும் எண்ணைப் பார்த்து, பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று புரிந்துகொள்ளும். இந்த வழக்கம் எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. ஏஜென்ட் புதிய எண் போட்டுக் கேட்டது. ஒரே புடவைக்கு இரண்டு முறை பணம் திரும்பிப் போனது. அப்படிப் பல ஆர்டர்கள்.

பதிவேட்டை நான் பார்த்தேன். நேரம், தொகை, ஆர்டர் எண் எல்லாம் சரியாக இருந்தன. செய்தவர் என்ற இடத்தில் அந்த இளைஞரின் பயனர் பெயர். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இது அநியாயம்.

செய்வது எது என்று தெரியாவிட்டால் நிறுத்தவும் முடியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளைத் தாறுமாறாக வாங்கியும் விற்றும் தள்ளியது. காரணம் புரியாமல், சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள்; நிலைமை இன்னும் மோசமாயிற்று. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை.

ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். யார் சொல்லி அது இயங்குகிறது என்ற விவரம், கோரிக்கை கடந்து போகும் ஒவ்வொரு சேவையிலும் பதிவாக வேண்டும். தொகை வரம்பை ரீஃபண்ட் சேவையே காக்க வேண்டும். ஏஜென்டுக்கு எழுதித் தரும் அறிவுரையில் வரம்பைச் சொல்லிவிட்டால் போதும் என்கிறார்கள், போதாது. வாடிக்கையாளரின் புகாரில் இருக்கும் ஒரு வரியையே கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடியது ஏஜென்ட். நடுவில் தடைபட்டால் முந்தைய படிகளை ஒவ்வொன்றாகத் திருப்பும் 'சாகா' முறையை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தை அப்படி எளிதில் திருப்ப முடியாது. அந்தப் படிக்கு முன்னால் ஒரு மனிதரின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும்.

ஏஜென்ட் இயங்கும் சாவி எந்த ஊழியர் பெயரிலும் இருக்கக் கூடாது என்பதைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இதை உடனே கோரிக்கையாக வைக்க வேண்டும். தங்கள் நாளிதழ் நிறுவனங்களிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்,
மடிப்பாக்கம், சென்னை.